காலிச் சாக்கும் கிட்டங்கி ஹனீபாவும்

காலிச் சாக்கு ஒன்று கைக்கு வந்தால் ஹனீபா முதலில் அதன் இரண்டு காதுகளையும் பிடித்து ஒரே ஒரு உதறு உதறுவார். வெங்காயச் சருகு பறந்து வாசல் நடைபாதையான அஞ்சடியில் போய் விழும். பிறகு சாக்கின் வாயைப் புரட்டி, அடித்தையல் வரைக்கும் கையை விட்டு, கட்டை விரலால் மூலையைச் சுரண்டுவார். விரலில் ஒட்டியதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அதற்கும் பிறகுதான் முகத்தைச் சாக்குக்குள் நுழைப்பார். ஓர் இழுப்பு. மீசையில் ஒட்டிய சருகோடு முகம் வெளியே வரும். "சரி" என்று அவர் சொன்னால் உள்ளேயிருந்து ஒரு முழுச் சாக்கு புரண்டு வரும். ஒன்றும் சொல்லாமல் சாக்கைக் காலடியில் போட்டுவிட்டாரானால் போட்டதுதான்.

எதிரே நிற்கிற கடைக்காரனுக்கு இதைப் பார்க்கும்போது வயிறு எரியும். நாலு பேர் முன்னால் தன் மடியைத் தடவிச் சோதித்த மாதிரி இருக்கும்.

"பூனைகூட மோந்து பாத்துட்டு ஒரு மியாவ் சொல்லும். இந்த பாய் அதுகூடச் சொல்லமாட்டார் லா," என்றார் சேதுபதி. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பெரிய மளிகைக் கடை அவருடையது. அவர் சொன்னால் மற்றக் கடைக்காரர்கள் சிரித்தாக வேண்டும். சிரித்தார்கள்.

"உங்க கடைச் சாக்கை மோந்தா எலி வாசனைதான் வருது," என்றார் ஹனீபா, தலையை நிமிர்த்தாமல். "பூனையாத்தானே இருந்தாகணும்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஹனீபாவும் சிரிக்கவில்லை. அந்தச் சந்தில் அவருக்குச் சிநேகிதர் என்று ஒருவரும் கிடையாது. அவரும் யாரையும் தேடவில்லை.

முதலாளி அப்துல் காதர் நாகப்பட்டினத்திலிருந்து வெங்காயம் தருவித்து, தேக்காவிலும் ஃபேரர் பார்க் பக்கத்திலும் உள்ள கடைகளுக்குக் கொடுப்பவர். சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் சாவியும், யாருக்கு எத்தனை சாக்கு என்கிற முடிவும் ஹனீபாவிடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழுவரைக்கும் அந்த முடிவு ரொம்பச் சுலபமாக இருந்தது. கேட்டால் கொடுப்பது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒரு கப்பல் பத்து நாள் தாமதமாக வந்தது. இருந்த சரக்கைப் பங்கிட்டு ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். பத்துச் சாக்கு தேவைப்பட்டவனுக்கு ஐந்து கிடைத்தது. அடுத்த முறை அவன் இருபது கேட்டான், பாதி வெட்டினாலும் பத்து கைக்கு வருமே என்று. எல்லாக் கடைக்காரனும் அதையே நினைத்தான். ஒருவனும் இன்னொருவனிடம் சொல்லவில்லை. முதலாளி பார்த்தார்: ஊரே இரண்டு மடங்கு கேட்கிறது. கைக்காவலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து நாகப்பட்டினத்துக்குத் தந்தி அடித்தார். நாகப்பட்டினத்து ஏஜண்ட், சிங்கப்பூரில் என்னவோ நடக்கிறது என்று தன் பங்குக்கும் கூட்டி அனுப்பினான். அடுத்தடுத்து மூன்று கப்பல்கள் வந்தன.

சரக்கு கூரையைத் தொட்டது. கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். "எங்களுக்கு எதுக்கு பாய் இவ்வளவு? நாங்க எப்பக் கேட்டோம்?"

வெங்காயம் சாக்குக்குள்ளேயே முளைத்தது. பச்சைத் தாள்கள் சணல் கண் வழியாக விரல் நீட்டின. பிறகு அழுகியது. கறுப்புத் தண்ணீர் ஒழுகிக் கால்வாயில் இறங்கியது. மூட்டை தூக்கிகள் மூன்றாம் நாள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் மூன்று நாளும் ஹனீபா தனியாகவே அந்தச் சாக்குகளை லாரியில் ஏற்றினார். கையில் எடுத்தால் உள்ளே கஞ்சி மாதிரி ஆடும். வீட்டில் அவர் மனைவி சம்சுன்னிசா சோற்றுத் தட்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதை அதோடு முடியவில்லை. சூடு கண்ட முதலாளி அடுத்த தந்தியில் ரொம்பவும் குறைத்துவிட்டார். இரண்டே மாதத்தில் கிட்டங்கி துடைத்து வைத்த மாதிரி ஆனது. "வேண்டாம்" என்று கையை விரித்த அதே ஆட்கள் வாசலில் நின்று "ஏன் இல்லை?" என்று கத்தினார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றானுக. யாரைத்தான் நம்புறது ஹனீபா?" என்றார் முதலாளி.

"யாரையும் நம்பாதீங்க முதலாளி. வாய் பயத்துல கேக்குது. என்ன வித்துச்சோ அதைக் காலிச் சாக்கு சொல்லும்."

அப்படி வந்தது அந்தச் சட்டம். ஒரு காலிச் சாக்கு கொண்டுவந்தால் ஒரு முழுச் சாக்கு. கெஞ்சினாலும் கிடையாது, உறவு சொன்னாலும் கிடையாது. பதினைந்து நாளில் எத்தனை காலிச் சாக்கு திரும்பியதோ அத்தனைக்கே முதலாளி தந்தி அடிப்பார். பண்டிகை வந்தால் போன வருஷத்துப் பண்டிகைச் சாக்குகளை வைத்துக் கூட்டுவார்.

இன்னொன்றும் ஹனீபா செய்தார். கிட்டங்கிக்கு இரட்டைக் கதவு. காலையில் இரண்டையும் விரியத் திறந்துவைப்பார், மாலைவரைக்கும் சாத்தமாட்டார். அஞ்சடியில் போகிறவன் யாரும் நின்று அடுக்கை எண்ணிக்கொள்ளலாம். "பாக்கட்டும். கண்ணால பாத்தவன் பயப்படமாட்டான்," என்பார்.

ஐந்து வருஷம் அந்தக் கிட்டங்கி நிரம்பி வழியவும் இல்லை, காலியாகவும் இல்லை. அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

அறுபத்திரண்டு அக்டோபர். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. கிட்டங்கியில் நானூற்று இருபது சாக்கு. நாளொன்றுக்கு முப்பது போகும். கப்பல் பதினான்காம் நாள் வந்து சேரும். கச்சிதமான கணக்கு. ஆனால் புதன்கிழமை காலையில் கிட்டங்கி திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் காலிச் சாக்குகளோடு நின்றார்கள். அன்று மட்டும் அறுபத்தைந்து சாக்கு போனது. பண்டிகை நெருங்குகிறது, அதனால்தான் என்று ஹனீபா கொடுத்துவிட்டார். அடுக்கில் விழுந்த பள்ளத்தைச் சாயங்காலம்தான் பார்த்தார். பார்த்ததும் ஐம்பத்தேழின் வாடை மூக்கில் ஏறியது.

முதலாளியும் வந்து பார்த்தார். "கப்பல் வராதுன்னு தேக்கா பூரா பேச்சு. இந்தியா எல்லையில சீனாவோட சண்டை வருதாம், கப்பலையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துக்கிட்டாங்களாம்."

"தந்தி ஏதாச்சும் வந்துச்சா?"

"கப்பல் கிளம்பியாச்சுன்னு ஏஜண்ட் தந்தி கொடுத்திருக்கான். சொன்னா எவன் நம்புறான்?" முதலாளி அடுக்கைப் பார்த்தபடியே சொன்னார்: "ஹனீபா, கப்பல் வர்றதுக்கு முன்னாடி இது காலியாச்சுன்னா உன் சாக்குச் சட்டம் இதோட சரி. நீயும் வேற இடம் பாத்துக்க."

வியாழக்கிழமை ஹனீபா ஒவ்வொரு சாக்குக்குள்ளும் முகத்தை முழுசாக விட்டார். நாள் கணக்கில் அள்ளி அள்ளி விற்றுக் காலியான சாக்குக்கு ஒரு வாசனை உண்டு. அடியில் சருகு நொறுங்கிப் பொடியாகிக் கிடக்கும், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் புழுக்கம். ஒரே மூச்சில் தரையில் கொட்டிவிட்டுக் கொண்டுவந்த சாக்கு அப்படியில்லை. மூலை சுத்தமாக இருக்கும், பச்சை வெங்காயம் கண்ணைக் கடிக்கும்.

சேதுபதி கொண்டுவந்த பதினெட்டில் பன்னிரண்டு கண்ணைக் கடித்தன. ஹனீபா அவற்றை ஒவ்வொன்றாகக் காலடியில் போட்டார்.

"என்ன பாய் இது?"

"கட்டிலுக்கு அடியில கொட்டி வச்சிருக்கீங்களே, அதை முதல்ல வித்துட்டு வாங்க."

"என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில நீ எப்ப வந்து பாத்தே?"

"உன் சாக்கு சொல்லுது."

அதுவரைக்கும் வாயில் இருந்த மரியாதை இரண்டு பக்கமும் கழன்று விழுந்தது. சேதுபதி வெற்றிலைச் சாற்றை ஹனீபாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினார். "தீபாவளிக்கு ஜனங்க வெங்காயம் இல்லாம உக்காந்தா உன் பேரைச் சொல்லித்தான் திட்டுவாங்க. நானே சொல்லிக் கொடுப்பேன்."

"கொடு. ஆறு சாக்கு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை காலையில் அன்னம்மா வந்தாள்.

அன்னம்மா புக்கிட் மேராவில் புது அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஒரு சின்ன மளிகைக் கடை போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. புருஷன் இல்லை. கைவளையல்களைக் கழற்றி வைத்து ஆரம்பித்த கடை. ஆரம்பத்தில் முதலாளி சொன்னதற்காக ஹனீபா அவளுக்கு இரண்டு சாக்கு கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தரம், காய்கறி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு அவள் தேக்காவுக்கு வருவாள். இரண்டு காலி கொடுத்து இரண்டு முழுசு வாங்கிப் போவாள். அன்று அவள் இறக்கியது பதினோரு சாக்கு.

ஹனீபா முதல் சாக்கை உதறினார். சருகு பறக்கவில்லை. முகத்தை விட்டார். பழைய பேப்பர், துரு, யார் வீட்டுத் துணியோ. இரண்டாவதும் அதே. மூன்றாவதை அவர் மோந்து பார்க்கவில்லை.

"காராங் கூனிகிட்ட வாங்கினியா?"

பழைய பேப்பரும் சாக்கும் வாங்கித் தெருத் தெருவாகத் தள்ளுவண்டி தள்ளும் சீனக் கிழவனை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அன்னம்மா மறைக்கவில்லை.

"ஆமா பாய். வாங்கினேன்."

"வெங்காயமே பாக்காத சாக்கைக் கொண்டுவந்து என்னை ஏமாத்தப் பாக்குறே?"

"ஏமாத்தல. கேக்குறேன். எங்க புளோக்குல வாராவாரம் பத்துக் குடும்பம் புதுசா வருது. ரெண்டு சாக்கு ரெண்டு நாள்ல போயிடுது. மிச்ச அஞ்சு நாள் வெறுங்கடை. ரெண்டு வித்தா ரெண்டுதான் திரும்பும், ரெண்டுதான் நீங்களும் தருவீங்க. அப்ப என் கடை எப்ப வளரும்? புதுக் கடைக்கு ஏது பாய் காலிச் சாக்கு?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  ஐந்து வருஷத்தில் யாரும் ஹனீபாவிடம் அதைக் கேட்டதில்லை. பதில் தெரியாத கோபம் அவருக்குக் கழுத்துவரை ஏறியது. கூடவே ஒரு வெளிச்சமும் பட்டது மாதிரி இருந்தது. மூன்று நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் எதிரே வந்து நிற்கிறாள்.

"இப்பல்ல புரியுது. ஒருத்தி காராங் கூனிகிட்டப் போய்ச் சாக்கு சாக்கா அள்ளுறா. பாத்தவன் சும்மா இருப்பானா? என்னமோ விஷயம் இருக்குன்னு தெருவே கிளம்பிருச்சு. இந்தத் தீயை வச்சவ நீதான்."

"நான் வாங்கினது நேத்து. வியாழக்கிழமை."

"நேத்தோ முந்தாநாளோ, யாருகிட்டக் கதை அளக்குறே?"

"அந்தக் கிழவனையே கேளுங்க. நேத்து மத்தியானம் வாங்கினேன். தெருவே புதன்கிழமை உங்க வாசல்ல நின்னுச்சுன்னு சொல்றாங்க. அப்ப நான் எங்க இருந்தேன்? புக்கிட் மேராவுல உப்பு நிறுத்துக்கிட்டு இருந்தேன்."

சேதுபதி ஓரமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் ஹனீபாவுக்கு எதிராக யார் வாயைத் திறந்தாலும் அவர் ஒத்து ஊதுவார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹனீபா பதினோரு சாக்கையும் வாரி அஞ்சடிக்கு வெளியே எறிந்தார். சாக்குகள் மழைத் தண்ணீர் தேங்கிய கால்வாயோரம் விழுந்தன.

"இனிமே உனக்கு ரெண்டும் கிடையாது. ஒண்ணும் கிடையாது. இந்த வாசல்ல உன்னைப் பாக்கக் கூடாது."

அன்னம்மா அழவில்லை. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கால்வாயில் இறங்கி ஒவ்வொரு சாக்காக எடுத்துப் பிழிந்தாள். எல்லாவற்றையும் மடித்து இடுப்பில் அணைத்துக்கொண்டபோது சொன்னாள்: "சாக்கை மோந்து மோந்து உங்களுக்கு மனுஷ வாடை மறந்துபோச்சு பாய்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹனீபா அடுத்த சாக்கை வாங்கி உதறினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்தச் சந்தில் நடந்ததைப் போர் என்றே சொல்லலாம். சாக்குக்குள் சருகைத் தூவிக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தார்கள். ஒருவன் தன் கிழட்டு மாமனாரை அனுப்பி, "சாகக் கிடக்கிறேன் பாய், ஒரு சாக்கு கொடுங்க" என்று சொல்லவைத்தான். "சாகக் கிடக்கிறவருக்கு எதுக்கு ஒரு சாக்கு வெங்காயம்?" என்று ஹனீபா திருப்பி அனுப்பினார். ஒரு காலை கிட்டங்கிக் கதவில் யாரோ சாணியைப் பூசியிருந்தார்கள். கழுவிவிட்டு இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்தார். பக்கத்துச் சந்தில் இன்னொரு கிட்டங்கிக்காரர் கேட்டவனுக்குக் கேட்டபடி அள்ளிக் கொடுத்தார். மூன்று நாளில் அங்கே தரை தெரிந்தது. அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேர்ந்தது. முதலாளி தினமும் சாயங்காலம் வந்து அடுக்கை எண்ணிவிட்டுப் போவார். அந்த எண்ணிக்கை மற்றவர்களின் வசவைவிட ஹனீபாவை அதிகமாக வாட்டியது.

பதினான்காம் நாள் கப்பல் வந்தது. கிட்டங்கியில் அப்போது மிச்சம் பதினேழு சாக்கு.

முதலாளி அவர் தோளைத் தொட்டார். "ஜெயிச்சுட்டே ஹனீபா." கடைக்காரர்கள் புதுச் சரக்கை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல் திட்டிக்கொண்டே போனார்கள். தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் பக்கத்துச் சந்துக் கிட்டங்கிக்கு மூன்று மடங்கு சரக்கு வந்து இறங்கியது. டிசம்பரில் அங்கே பச்சைத் தாள்கள் சாக்கைக் கிழித்தன. வேலை ஒன்றும் இல்லாமலேயே ஹனீபா தினமும் ஒரு தரம் அந்தச் சந்து வழியாக நடந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நடந்தார்.

அன்னம்மாவின் கடை அந்தத் தீபாவளியைத் தாண்டவில்லை. வெங்காயம் இல்லாத கடையில் பருப்பு வாங்கவும் ஆள் வரவில்லை. எதிர்ப் புளோக்கில் வேறொருவர் கடை திறந்தார். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலைக்குப் போய்விட்டாள் என்று காய்கறி லாரிக்காரன் சொன்னான்.

"தீ வச்சவளுக்கு அதுதான் கதி," என்றார் ஹனீபா.

ஆனாலும் ஒன்று நடந்தது. மறு வருஷம் சுவா சூ காங் பக்கம் ஒருவன் புதுக் கடை போட்டு, இரண்டு காலிச் சாக்கோடு வந்து நின்றான். ஹனீபா இரண்டையும் மோந்து பார்த்தார். மூன்று முழுச் சாக்கு உருட்டிவிட்டார். "புதுக் கடைக்கு முதல் ஆறு மாசம் வாரத்துக்கு ஒண்ணு கூட," என்றார். ஏன் என்று அவன் கேட்டதற்கு, "ஏமாத்த நினைச்சே, புக்கிட் மேராக்காரி மாதிரித்தான் ஆவே" என்று பதில் வந்தது. அவள் பெயரை அவர் ஒரு தரமும் சொன்னதில்லை. அவள் கதையை மட்டும் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னார், ஊருக்கே பீதி கிளப்பியவள் என்று. அறுபத்தேழில் நெஞ்சில் தூசி கட்டி மூச்சு முட்டிப் படுக்கையில் விழுந்தபோதுகூட, பார்க்க வந்த முதலாளியிடம் அந்தக் கதையை இன்னொரு தரம் சொன்னார். அந்த மாதமே காலமானார்.

அந்தப் பீதி எங்கே தொடங்கியது என்பது அவர் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஃபேரர் பார்க்கில் ஒரு காப்பிக் கடையில் வைத்து, ஹனீபாவைப் பற்றி யாரோ பேச்செடுத்தபோது, சேதுபதி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது கூட்டம் கூடினதுக்கு முந்தின நாள், செவ்வாக்கிழமை. மேக்கால இருந்து சாரல் அடிச்சுது. வெங்காயம் நனையுமேன்னு பாய் பதினோரு மணிக்கு ஒரு கதவைச் சாத்தினார். மூணு மணிக்கு மழை விட்டதும் திறந்துட்டார். அஞ்சு வருஷத்துல பகல்ல அந்தக் கதவு சாத்தி நான் பாத்ததே இல்ல. எதிர்க்கடையில தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். பாதி அடுக்குதான் தெரிஞ்சுது. மிச்சம் காலி, அதைத்தான் மறைக்கிறார்னு நினைச்சுட்டேன். சரக்கு தீந்துபோச்சு, கப்பலும் வராது போலன்னு சாயங்காலத்துக்குள்ள நாலு கடைக்குச் சொல்லிட்டேன்."